இரண்டு முப்பதின் பிரதி

அவளுக்குச் சம்பளமே பயப்படுவதற்குத்தான் என்று அவள் கணவன் சொல்வான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறவன் அவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரேக்கில் ஒரு காலை வைத்தபடி, ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவர்கள் கையில் உயிரை ஒப்படைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறவன். "நான் தினம் எட்டுப் பேரோட உயிர் பிழைச்சு வர்றேன். நீ ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, நடக்காத ஒண்ணுக்கு முப்பத்தொரு பக்கம் எழுதி வச்சிருக்க" என்பான். நடக்காதவரைக்கும் அவன் சொல்வது சரிதானே.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் அவள் கணினிப் பொறுப்பாளர். மூன்றாம் மாடியில் ஆறு பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போன் எடுப்பார்கள். யார், எங்கே, என்ன ஆயிற்று என்று அவர்கள் தட்டத் தட்ட, எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று திரை காட்டும். அந்தத் திரைகளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் இரண்டாம் மாடி மூலையில், அவள் மேசைக்கு அடுத்த குளிர் அறையில் இருந்தது. மூன்று சர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல மெய்நிகர் கணினிகள். வீடு ஒன்று, உள்ளே குடித்தனம் பல. ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதில் குடியிருந்தவை இரண்டொரு நிமிடத்தில் அடுத்த சர்வரில் எழுந்து வேலையைத் தொடரும். அப்படி எழ முடிவதற்குக் காரணம், அவை எழுதுகிற எதுவும் சர்வருக்குள் இல்லை. எல்லாம் கீழ்த்தட்டில் இருந்த ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில். மூன்று சர்வரும் அதிலிருந்துதான் படிக்கும், அதில்தான் எழுதும்.

அந்தப் பெட்டிதான் அவளுடைய பயம். அதற்கு மின்சாரம் இரண்டு வழியாக வருகிறது, மூளை இரண்டு இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பெட்டி ஒன்று. அதனால் நகரத்தின் மறுகோடியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கட்டடத்தில், இரண்டு சர்வரையும் இன்னொரு பெட்டியையும் வைத்தார்கள். கால் மணிக்கு ஒருமுறை இங்கே இருப்பது அங்கே பிரதியாகும். இங்கே எல்லாம் செத்துவிட்டால், கடைசிப் பிரதியை வைத்து அங்கே எழுப்பிக்கொள்ளலாம்.

பெட்டி செத்துப்போனால் தெரிந்துவிடும். சாகாமல் உளற ஆரம்பித்தால்? உளறலும் பிரதியாகி அங்கே போகும். அங்கே இருந்த பெட்டியில் ஒரே ஒரு பிரதிக்குத்தான் இடம். புதியது போனதும் பழையது அழிந்துவிடும். இன்னும் நாலு பிரதி வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்று அவள் மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான், கெட்ட செய்தியை மட்டும் நாளைக்குத் தள்ளிவைக்கிறவர். அவள் எழுதிய திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், பிரதியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் மாறலாம் என்று முடிவெடுக்கிறவர் யார் என்ற இடத்தில் அவர் பெயரைக் கேட்டபோது, பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"எழுத்துல எதுக்கும்மா. அவசரம்னா எனக்கு ஒரு போன் போடுங்க, சொல்லிடறேன்."

அது நடந்தது ஒரு புதன்கிழமை மதியம். சாப்பிட்ட டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு மேலே இருந்து அழைப்பு வந்தது. கட்டுப்பாட்டு அறைத் தலைமை அம்மாளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு அறை தள்ளி நின்று பேசினாலும் காதுக்குள் கேட்கும் குரல். அன்றைக்கு அந்தக் குரல் தாழ்ந்திருந்தது.

"அம்மாடி, திரையெல்லாம் இழுக்குது. தட்டினா எழுத்து பத்து செகண்ட் கழிச்சு வருது. இன்னொண்ணு... நீ மேல வந்து பாரேன்."

"இன்னொண்ணு என்னக்கா?"

"ஒரு பையன், பைக்ல விழுந்து கால் உடைஞ்ச கேஸ். அதைத் திறந்தா பிரசவ வலின்னு வருது."

திரை இழுத்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். ஒருவர் விவரத்தில் இன்னொருவர் விவரம் வருவதற்கு அவ்வளவு காரணம் கிடையாது. ஸ்டோரேஜ் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தாள். இரண்டு முப்பத்து மூன்றிலிருந்து வரிவரியாகச் சிவப்பு. பெட்டியின் ஒரு மூளை தடுமாறியிருக்கிறது. இன்னொரு மூளை பாதி வேலையை வாங்கிக்கொண்டது, மீதியை வாங்கவில்லை. எழுதச் சொன்ன இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் எழுதிக்கொண்டிருந்தது. அவள் எதை நினைத்து அஞ்சினாளோ, அதேதான்.

சுவர்க் கடிகாரம் இரண்டு முப்பத்தேழு என்றது. அடுத்த பிரதி இரண்டு நாற்பத்தைந்துக்கு.

கைகால் ஓடவில்லை. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அங்கே இருக்கிற பிரதி இரண்டு முப்பதில் எடுத்தது. தடுமாற்றம் தொடங்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு. அது சுத்தமாக இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு உத்தரவாதம் இல்லை. எட்டு நிமிடத்தில் அந்த நல்ல பிரதிமேல் இந்தக் குப்பை போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் இரண்டு கட்டடத்திலும் குப்பைதான். நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் மாறினாலோ, இரண்டு முப்பதுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு அழைப்பும் அங்கே இருக்காது. வந்ததற்கே அடையாளம் இருக்காது.

மேலாளரை அழைத்தாள். நான்கு முறை மணி அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"சாருக்குப் பல் எடுத்துக்கிட்டிருக்காங்க. வாய்ல மெஷின் இருக்கு."

"ஒரே ஒரு வார்த்தை. சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். காதுகிட்ட வைங்க, ப்ளீஸ்."

போனை அவர் காதருகில் வைத்தார்கள். இயந்திரம் சீறுவது கேட்டது. அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பெட்டி உளறுகிறது, பிரதியை வெட்டி அந்தப் பக்கம் போகட்டுமா, பத்துப் பன்னிரண்டு நிமிட அழைப்புகள் போய்விடும். மறுமுனையில் "ஆங்... ஆ" என்று ஏதோ வந்தது. அது சரியா, வேண்டாமா, வலியா என்று தெரியவில்லை. "சார், சரிங்கறீங்களா?" என்றாள். திரும்பவும் அதே "ஆ". வேறொரு சமயமாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இரண்டு நாற்பது. படியேறி ஓடினாள்.

மூன்றாம் மாடியில் ஆறு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் குரலும் உயரவில்லை. அது அவர்கள் தொழில். மைக் அக்கா ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தாள். அக்காவின் அருகில் போய் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் இதை வெட்டப் போறேன். இன்னும் ரெண்டு நிமிஷத்துல திரையெல்லாம் போயிடும். ரெண்டரைக்கு அப்புறம் வந்த எல்லாத்தையும் இப்பவே பேப்பர்ல எழுதச் சொல்லுங்க. திரையில தெரியற வரைக்கும் பார்த்து, தெரியலைன்னா ஞாபகத்துல இருந்து."

"எவ்வளவு நேரம் திரை இருக்காது?"

"ஏழு நிமிஷம். பத்தாகலாம்."

"நீ சொல்றியா, சார் சொன்னாரா?"

"நான்தான் சொல்றேன்."

மைக் அக்கா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பழைய குரலுக்குத் திரும்பினாள். "எல்லாரும் பேப்பர் எடுங்க. ரெண்டரையில இருந்து எடுத்த கால் ஒண்ணு விடாம எழுதுங்க. புதுசா வர்றதும் பேப்பர்லதான். வண்டியை ரேடியோல நான் அனுப்பறேன்."

வண்டிகளின் ரேடியோவும் தொலைபேசி இணைப்பும் அந்தப் பெட்டியை நம்பி இல்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவர்களுக்கு இருந்த ஆறுதல். ஐந்து பேர் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். ஆறாவது மேசைக்காரர் மட்டும் பேனாவைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இருபது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இங்கேயும் அவர் பெயர் கண்டக்டர்தான். அவர் திரை ஏற்கெனவே வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணே, ஞாபகம் இருக்கிறதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கீழே ஓடினாள்.

இரண்டு நாற்பத்திரண்டு. பிரதி எடுப்பதை நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். உறுதியா என்று கணினி கேட்டது. பத்து வருஷத்தில் இத்தனை பேர் உயிரோடு விளையாடுகிற ஒரு பொத்தானை அவள் தொட்டதில்லை. தொட்டாள். இங்கே ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகளையும் அணைத்தாள். இரண்டு இடத்திலும் ஒரே கணினி எழுந்து, தான்தான் உண்மை என்று இரண்டும் எழுத ஆரம்பித்தால் அதைவிட வினை வேண்டாம்.

பிறகு அந்தப் பக்கத்தை எழுப்பத் தொடங்கினாள். திட்டத்தில் அவளே எழுதியிருந்தாள்: முதலில் தரவுத்தளம், அது நின்றதும் அழைப்பு வாங்குகிற கணினி, கடைசியாக வரைபடம். அவசரத்தில் இரண்டாவதை முதலில் எழுப்பிவிட்டாள். அது தரவுத்தளத்தைத் தேடிப் பார்த்து, காணாமல் திகைத்து நின்றது. அதை அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டு நிமிடம் போனது. அந்த இரண்டு நிமிடமும் அவள் தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள் என்று பிறகு பக்கத்து அறைக்காரர்கள் சொன்னார்கள். அவளுக்கு நினைவில்லை.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு மேலே திரைகள் வந்தன. மைக் அக்கா போனில், "வந்துடுச்சு. கடைசிக் கேஸ் ரெண்டு இருபத்தொன்பதுன்னு காட்டுது. பேர் எல்லாம் சரியா இருக்கு" என்றாள். பிரதி சுத்தமாகத்தான் இருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

ஆனால் பாதி வேலைதான் முடிந்திருந்தது. தொலைபேசி இணைப்பகத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனாள். இரண்டு முப்பதிலிருந்து இரண்டு நாற்பத்திரண்டு வரை வந்த அழைப்புகள் இருபத்து மூன்று. மேசைகளில் இருந்த தாள்களைச் சேர்த்து எண்ணினார்கள். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார்கள். இருபத்திரண்டுதான்.

விட்டுப்போன எண் கண்டக்டரின் மேசைக்கு வந்தது. இரண்டு முப்பத்தெட்டுக்கு வந்து, ஒன்றரை நிமிடம் பேசிய அழைப்பு. மைக் அக்கா அந்த எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கண்டக்டரின் முகம் வெளிறிப்போயிற்று. "வயசானவர். வீட்டுக்காரம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்க, தலையில ரத்தம், பேச்சு இல்லைன்னார். அட்ரஸ் தட்டினேன். தட்டி முடிச்சதும் திரை வெளுத்துடுச்சு. வண்டி போயிருக்கும்னு நினைச்சுட்டேன். தெருவுல போய் நில்லுங்க, வண்டி வந்தா கை காட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். அதான் போனை எடுக்க ஆள் இல்லை."

ஒரு கிழவர் தெருவில் நின்று வராத வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே அவர் மனைவி கிடக்கிறாள். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

"தெரு எதுண்ணே?" என்றாள் அவள்.

"தண்ணித்தொட்டித் தெரு. நம்பர்தான் நிக்கல. வடக்கா, தெற்காங்கறதும் தெரியல."

அதுதான் சிக்கல். அந்தப் பெயரில் நகரத்தில் இரண்டு தெருக்கள் இருந்தன. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. இரண்டும் முக்கால் மைல் நீளம். சும்மா நின்ற வண்டி ஒன்றே ஒன்று, நடுவில். மைக் அக்கா அதை எந்தத் திசைக்குத் திருப்புவது என்று தெரியாமல் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நிமிஷம் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

பழைய பெட்டியிலிருந்து கணினிகளைத்தான் பிரித்திருந்தாள்; பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எழுதாமல் படிக்க மட்டும் ஒரு வழி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒழுங்காகக் கேட்டால் பதில் தருகிற நிலையில் அது இல்லை. அதனால் அந்தத் தொலைபேசி எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அதன் வட்டு முழுவதையும் துழாவவிட்டாள். எழுத்தும் குப்பையுமாக வரிகள் ஓடின. ஓடிய வரிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. இதைச் செய்தது பெட்டியா, நானா என்று ஒரு கேள்வி பின்மண்டையில் அடித்துக்கொண்டே இருந்தது. திரையை வெட்டாமல் இருந்திருந்தால் இந்த ஒரு வண்டி போயிருக்குமோ. போயிருக்காது, திரை ஏற்கெனவே வெளுத்திருந்தது. இருந்தாலும்.

எண் கிடைத்தது. அதற்குப் பின்னால் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாருடைய ரத்த வகையோ இருந்தது. அதற்கும் பின்னால் துண்டாக ஒரு வரி: மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, எதிரில் அச்சகம்.

போனில் அப்படியே படித்தாள். மறுமுனையில் கண்டக்டர் அவளை முடிக்க விடவில்லை.

"அச்சகமா? வடக்கால. நம்ம பதினேழாம் நம்பர் பஸ் அங்கதான் திரும்பும். அச்சகத்துக்கு எதிர்ல மூணு மாடிக் கட்டடம் ஒண்ணுதான் இருக்கு. அக்கா, வடக்க, வடக்க அனுப்புங்க."

மைக் அக்காவின் குரல் ரேடியோவில் போவது, போனை வைத்த பிறகும், மாடி வழியாகவே அவளுக்குக் கேட்டது.

வண்டி மூன்று ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. கிழவர் அச்சகத்து வாசலில் கையை உயர்த்தியபடியே நின்றிருந்தார் என்று ஓட்டுநர் ரேடியோவில் சொன்னார். பெண்மணிக்கு நாடித்துடிப்பு இருந்தது. கண்டக்டர் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை. அவர் மேசையில் மைக் அக்காவே உட்கார்ந்து அழைப்புகளை எடுத்தாள்.

மறுநாள் மேலாளர் வீங்கிய கன்னத்தோடு வந்தார். பெட்டி விற்ற நிறுவனத்தின் பொறியாளர் இரண்டு நாள் உட்கார்ந்து பதிவேட்டைக் கிளறிவிட்டு, அடுத்த பிரதி போயிருந்தால் அங்கேயும் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று எழுதிக்கொடுத்தார். மேலாளர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அவளைப் பாராட்டினார்கள். கைதட்டினார்கள்கூட. அவளுக்கு உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. ராத்திரியில் போன் மணி கேட்பது போல் இருந்து விழித்துக்கொள்வாள். கேலி செய்துகொண்டிருந்த கணவன் இப்போது ஒன்றும் சொல்லாமல் எழுந்து விளக்கைப் போட்டு, அவள் போனை எடுத்துக் காட்டுவான். "பாரு, யாரும் கூப்பிடல. படு."

ஆறாம் நாள் அந்தக் கிழவரே மையத்துக்கு அழைத்தார். வண்டி ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டார். மைக் அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நான் பேசிக்கறேன். நெரிசல்னு சொல்லிடலாம்" என்றாள்.

"வேண்டாம்க்கா. குடுங்க."

அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, நான் இங்க கம்ப்யூட்டர் பார்க்கிறவ. உங்க விவரம் எழுதின இடம் கெட்டுப்போச்சு. மத்ததைக் காப்பாத்தறதுக்காக நான்தான் அதை வெட்டினேன். உங்க அட்ரஸ் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. திரும்பத் தேடி எடுக்க நேரமாயிடுச்சு. நெரிசல் எல்லாம் இல்லை."

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டியின் சக்கரம் உருளும் ஓசை கேட்டது. மருத்துவமனைத் தாழ்வாரமாக இருக்கும்.

"அந்த நேரத்துல வேற எத்தனை பேர் கூப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு பேர்."

"அவங்களுக்கெல்லாம் வண்டி போச்சா?"

"போச்சுங்கய்யா."

"எனக்கு மட்டும் போகல."

"ஆமாங்கய்யா."

"அரை மணி நேரம்மா. கையை இறக்கினா வண்டி என்னைப் பார்க்காம போயிடும்னு இறக்காம நின்னேன்."

அவள் வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் கூசி நின்றது. அவர் போனை வைக்கவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள் கடைசியில். கேட்கவே பயமாக இருந்தது.

"நேத்துதான் கண்ணு முழிச்சா. இடது கை இன்னும் தூக்க வரல. வந்துடும்கறாங்க, வராதுன்னும் சொல்றாங்க. முழிச்சதும் என்ன கேட்டா தெரியுமா? அடுப்பை அணைச்சீங்களான்னு. அஞ்சு நாள் கழிச்சு."

"அணைச்சிருந்தீங்களா?"

"எங்க. நாங்க வண்டியில போனப்புறம் புகை வந்து, பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் திறந்துகிட்டுப் போய் அணைச்சாங்களாம். குழம்பு கரியாப் போச்சு. அவகிட்ட இன்னும் சொல்லல."

அவளையும் அறியாமல் சிறு சிரிப்பு ஒன்று வந்து, பாதியில் நின்றது. மறுமுனையில் அவரும் மூக்கை உறிஞ்சிக்கொள்வது கேட்டது.

"நாளைக்கும் கூப்பிடுவேன்" என்றார் அவர். "கோபம் இன்னும் தீரல."

"கூப்பிடுங்கய்யா. நான் எடுக்கறேன்."